அடிக்கயிற்றின் அருமை மீன் ஓடும்போது தெரியும்!

கடலுக்கும் மேல்விஷாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வங்கக் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் பாலாறோ வருஷத்தில் பல மாதங்கள் வெறும் மணலாறு. ஆனால் உப்பைப் பற்றி இந்த ஊருக்குத் தெரிந்த அளவு கடற்கரை ஊர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். தோல் கிடங்குக்குள் வந்து இறங்கும் பச்சைத் தோல் உப்புத் தடவித்தான் வருகிறது. அந்த உப்பை ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, பிறகு பதனிடுகிறார்கள். இத்தனை வேலையும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: நீரிலும் உப்பிலும் கிடந்த பொருள் அழுகாமல் இருக்க என்ன வழி?

கடலில் தூண்டில் போடுகிறவனுக்கும் இதே கேள்விதான். அவனுடைய கயிறும் நீரிலும் உப்பிலும்தான் காலம் தள்ளுகிறது.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் பழக்கம் இப்போது உள்நாட்டு ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கொடுவாவையோ பாறையையோ பிடிக்க வேண்டுமென்றால் இரவே புறப்பட்டு, விடியற்காலையில் முகத்துவாரத்தில் நிற்க வேண்டும். அன்றைக்குக் கிடைப்பது ஒரு மீன், அல்லது ஒரு மீனும் இல்லை. இப்படிப்பட்டவர் கோல் வாங்கும்போது நாலு பேரைக் கேட்கிறார். ரீல் வாங்கும்போது பத்துப் பேரைக் கேட்கிறார். ரீலின் அடியில் முதலில் சுற்றப்படும் கயிற்றைப் பற்றி மட்டும் யாரையும் கேட்பதில்லை. கடைக்காரர் சுற்றிக் கொடுத்ததே போதும் என்று விட்டுவிடுகிறார். அந்தக் கயிறு வெளியே தெரிவதில்லை அல்லவா? பெரிய மீன் ஒன்று வாயில் முள்ளோடு ஓடத் தொடங்கும் வரையில் தெரியாது. அப்போது தெரிந்து பயனில்லை.

பட்டம் விட்டவர்களுக்குப் புரியும்

இந்த அடிக்கயிற்றை ‘பேக்கிங்’ என்கிறார்கள். பட்டம் விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாஞ்சா தடைசெய்யப்படுவதற்கு முந்திய நாட்களில், பட்டத்துக்கு அருகே உள்ள பகுதியில் மாஞ்சா நூலும் அதன் பின்னால் சாதா நூலும் இருக்கும். முன்னது சண்டைக்கு, பின்னது தூரத்துக்கு. ரீலிலும் அப்படியே. செயற்கை ஈயை வீசிப் பிடிக்கும் ஈத்தூண்டிலில், வீசுவதற்காகவே கனமாகப் பூச்சுப் பூசிச் செய்த கயிறு ஒன்று உண்டு. அதன் நீளம் சுமார் 30 கெஜம், அதாவது 90 அல்லது 100 அடி. குளத்து மீனுக்கு அது போதும். கடல் மீனுக்குப் போதாது. நல்ல பாறை மீனோ சூரையோ ஒரே ஓட்டத்தில் நூறு கெஜம் இழுத்துக்கொண்டு போவது அதிசயமன்று. அந்த நூறு கெஜத்தைக் கொடுப்பது அடிக்கயிறு.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது. ரீலில் மீனின் ஓட்டத்தைத் தடுக்கும் பிரேக் ஒன்று இருக்கிறது. அதை ஒரு அளவில் திருகி வைத்துவிட்டால் தடை எப்போதும் ஒன்றுபோல் இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கயிறு நிறைந்திருக்கும்போது சுருளின் குறுக்களவு 4 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் 4 ராத்தல் இழுப்பில் இளகும்படி வைத்தாயிற்று. மீன் ஓடிக் கயிறு குறைந்து, சுருள் 2 அங்குலமாகிவிட்டால் அதே பிரேக் இளகுவதற்கு 8 ராத்தல் இழுப்பு வேண்டும். கிணற்று ராட்டினத்தின் கதைதான். சக்கரம் சிறுத்தால் இழுப்புக் கடினமாகும். இதோடு, நீரில் வளைந்து கிடக்கும் நீண்ட கயிற்றை இழுத்துச் செல்லும் பாரமும் சேர்கிறது. தூரத்தில் ஓடிய மீன், பிரேக்கை யாரும் தொடாமலே கயிற்றை அறுத்துக்கொண்டு போவதன் ரகசியம் இது. சுருளை நிரம்ப வைத்திருக்கும் அடிக்கயிறு இந்த ஆபத்தைக் குறைக்கிறது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் அதிகக் கயிறு திரும்பி வரவும் உதவுகிறது.

துவர் ஏற்றிய கயிறு

பழைய நாளில் எந்தக் கயிற்றைப் போட்டார்கள்? பருத்தி, சணல், பட்டு, ஆளி நார் ஆகியவற்றை. இவற்றில் பருத்திக் கயிறு ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் சில நாளிலேயே இற்றுவிடும். கிருமிகள் நாரைத் தின்றுவிடும். தோலைப் பாழாக்கும் அழுகலுக்கு இது உறவுதான். ஆகவே மருந்தும் ஒன்றாகவே இருந்தது: துவர்.

தென்னாட்டுத் தோல் உலகச் சந்தையில் பெயர் வாங்கியது ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும். அந்தத் துவர் தோலுக்குள் இறங்கி அதை அழுகாத பொருளாக்கியது. இதே துவரைத்தான் மீனவர்களும் நாடினார்கள். மரப்பட்டைக் கஷாயத்திலும், பனிச்சங்காய்ச் சாற்றிலும், வெற்றிலையோடு போடும் காசுக்கட்டிக் கரைசலிலும் வலையையும் கயிற்றையும் ஊறவைத்துச் செம்பழுப்பு நிறமாக்கிக்கொண்டார்கள். பர்மாவின் காசுக்கட்டி ஐரோப்பிய மீன்பிடித் துறைமுகங்களின் வலைக் கொப்பரைகள் வரை பயணம் செய்திருக்கிறது. சிலர் மயில்துத்தத்தையும் சேர்த்தார்கள். தோல் ஷாப்பில் குழியில் இறங்கி வேலை செய்த தொழிலாளி, கடற்கரையில் வலைக்குச் சாயம் ஏற்றுவதைப் பார்த்திருந்தால் ‘இது நம் வேலையாயிற்றே!’ என்றுதான் சொல்லியிருப்பார்.

மேல்நாட்டுக் கடல் தூண்டில்காரர்கள் ஆளி நார்க் கயிற்றை விரும்பினார்கள். அமெரிக்காவின் கட்டிஹங்க் தீவின் பெயரால் அது பிரபலமாயிற்று. ஆளி நாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, நனைந்தால் பலம் கூடும். இழைக்கு 3 ராத்தல் என்று கணக்கு. 6 இழைக் கயிறு 18 ராத்தல் தாங்கும். ஆனால் ஒவ்வொரு நாள் மாலையும் முழுக் கயிற்றையும் ரீலிலிருந்து கழற்றி, நன்னீரில் அலசி, உலர்த்தியாக வேண்டும். மறந்தால் அடுத்த மீனோடு போய்விடும். 1873-ல் ‘இந்தியாவில் தூண்டில்’ பற்றிப் புத்தகம் எழுதிய சென்னை மாகாண சிவில் உத்தியோகஸ்தர் எச். எஸ். தாமஸ் காலத்தில் மீன் பிடிப்பது பாதி வேலை, கயிறு உலர்த்துவது மீதி வேலை என்று சொன்னால் மிகையாகாது.

ஆற்று மீனுக்கும் இந்தக் கயிற்றுப் பிரச்சினை உண்டு என்பதற்கு ஒரு சாட்சி. 1946-ல் கபினி ஆற்றில் மைசூர் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹசீர் கெண்டை 120 ராத்தல் எடை. அவர் குடும்பமும் தோல் சம்பந்தப்பட்டதே: புலி, சிறுத்தைத் தோல்களைப் பாடம் செய்து உயிருள்ளவைபோல் நிறுத்தும் தொழிலில் உலகப் புகழ் பெற்றவர்கள். காவிரியைச் சேர்ந்த அந்தக் கெண்டை இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

நைலான், டெரிலின், அதற்கப்பால்

1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் கரோதர்ஸ் என்ற ரசாயன நிபுணர் நைலானைக் கண்டார். 1938-ல் அது முதலில் பல் தேய்க்கும் பிரஷ்ஷின் மயிராகத்தான் கடைக்கு வந்தது. பிறகு தூண்டில் நரம்பாயிற்று. அழுகாது; உலர்த்த வேண்டாம். நம் கடற்கரையில் ‘நரம்பு’ என்றும் ‘தங்கூஸ்’ என்றும் வழங்குவது இதுவே. 1952-ல் கையெழுத்தாகி அடுத்த ஆண்டில் கொல்லம் நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் போன்ற முயற்சிகளோடு நைலான் நம் கடற்கரைகளிலும் இடம் பிடித்தது. துவர்க் கொப்பரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்ஸனும் கண்டுபிடித்த பாலியெஸ்டர்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமையோடு போட்ட டெரிலின் சட்டை. அதே சரக்கு அமெரிக்காவில் ‘டாக்ரான்’ என்ற பெயரில், பின்னல் கயிறாகி, ரீலின் அடிக்கயிறாக இன்றுவரை ஆட்சி செய்கிறது. மூன்றாவது, 1970களின் கடைசியில் ஹாலந்தில் ஸ்மித், லெம்ஸ்ட்ரா என்ற இருவர் கண்ட முறை. பிளாஸ்டிக் குடம் செய்யும் பாலித்தீனின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் மிக நீண்ட அணுச்சங்கிலி கொண்ட பொருளைக் கூழாக்கி இழையாக நூற்றார்கள். எடைக்கு எடை எஃகைவிடப் பலம். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் கவசத்தில் அதை வைக்கிறார்கள். தூண்டில் கடையில் அதன் பெயர் ‘ஜெல் ஸ்பன்’.

எதை வாங்குவது?

முதல் விதி பலத்தைப் பற்றியது. அடிக்கயிறு, தூண்டில் முள்ளுக்கு அருகே உள்ள மெல்லிய நரம்பைவிடப் பலமாக இருக்க வேண்டும். அறுந்தால் முள்ளின் பக்கத்தில் அறுபட வேண்டும், கைப்பக்கம் அறுபடலாகாது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்தார் ஆழ்கடலில் சுறாவுக்குத் தூண்டில் போடுவதில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய நீண்ட தாய்க்கயிறும் இப்படித்தான்: கிளைகள் போனாலும் தாய்க்கயிறு போகக் கூடாது. அடிக்கயிறு அறுந்தால் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த வீச்சுக் கயிறும் போய்விடும். அது பணநஷ்டம். அதைவிடக் கொடியது, இருநூறு கெஜம் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும் மீன் ஏதாவது பாறையில் சிக்கிச் செத்துப்போவது. அந்தக் கயிறு அழுகாது. மீன் போன பின்னும் அங்கேயே கிடந்து ஆமையையும் நண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். அழுகாத கயிற்றுக்காக மனிதன் நூற்றாண்டுக்கணக்கில் தவம் கிடந்தான். கிடைத்த பிறகு அதுவே தொல்லையாகவும் ஆயிற்று!

சர்வதேசத் தூண்டில் மீன்பிடி சங்கம் 1939-ல் ஏற்பட்டது. அதன் விதிப்படி ஈத்தூண்டில் சாதனைகளுக்கு முன்நரம்பின் உச்சவரம்பு 20 ராத்தல். ஆகவே கடலுக்கு 30 ராத்தல் டாக்ரான் என்பது கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது. (ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 30 ராத்தல் என்பது பதின்மூன்றரைக் கிலோ.) முகத்துவாரத்தில் நடுத்தரக் கொடுவாவைப் பிடிக்க மட்டும் போகிறவருக்கு 20 ராத்தல் டாக்ரானே போதும், 150 அல்லது 200 கெஜம் சுற்றினால் தாராளம். அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போய்ப் பெரும் பாறையையும் சூரையையும் தேடுகிறவர் 300 கெஜத்துக்குக் குறைந்து போகலாகாது.

இங்கேதான் ஜெல் ஸ்பன் உள்ளே நுழைகிறது. 30 ராத்தல் டாக்ரானின் கனம் அரை மில்லிமீட்டரைத் தாண்டும். 65 ராத்தல் ஜெல் ஸ்பன் அதைவிட மெல்லியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான். கயிற்றின் கனம் பாதியானால் அது அடைக்கும் இடம் பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகும். இந்தக் கணக்கால் ஒரே ரீலில் இரண்டு மடங்குக்கு மேல் நீளம் சுற்ற முடிகிறது. மெல்லிய கயிறு நீரைக் கிழித்துக்கொண்டு போவதால் இழுப்பும் குறைவு.

அப்படியானால் எல்லோரும் அதையே வாங்க வேண்டியதுதானே? கூடாது. ஜெல் ஸ்பன் கயிறு ஓடும்போது விரலை வைத்தால் சவரக்கத்தி போல் அறுத்துவிடும். வழுவழுப்பானது, சாதாரண முடிச்சு அதில் வழுகும். தளர்வாகச் சுற்றிவிட்டால், மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச் சுற்றுகளுக்கிடையே புதைந்து சட்டென்று நின்றுவிடும். ஓடுகிற மீன் நிற்குமா? அறுத்துக்கொண்டு போகும். டாக்ரான் சற்றுப் பருமனானாலும் சாதுவான கயிறு. பத்தில் ஒரு பங்கு வரை நீண்டு கொடுக்கும், விரலை மன்னிக்கும், முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். முதல் ரீல் வாங்குகிறவருக்கு டாக்ரான்தான் சரி. ரீல் சிறியதாகி, மீன் பெரியதாகும்போது மற்றதைப் பார்க்கலாம்.

சாதாரண நரம்பையே அடியில் சுற்றிக் காசை மிச்சப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஈத்தூண்டில் ரீலுக்கு இது ஆகாது. நைலான் நரம்பு இழுபட்டு நீளும். நீண்ட நிலையில் இறுகச் சுற்றிக்கொண்டால் மறுபடி சுருங்கப் பார்க்கும். நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஒரே சமயத்தில் சுருங்கினால் மெல்லிய அலுமினியச் சுருளையே நெளித்துவிடும். நீரில் ஊறினால் பலமும் கொஞ்சம் குறையும்.

ஆனால் ‘ஸ்பின்னிங்’ ரீலில் கதை தலைகீழ். அதில் மேலே சுற்றும் பின்னல் கயிறு வழுவழுப்பானது. அதை நேரே உலோகச் சுருளில் கட்டினால், மீன் இழுக்கும்போது சுருள் அப்படியே நிற்க, மொத்தக் கயிறும் அதன் மேல் வளையம்போல் வழுக்கிச் சுழலும். பிரேக் கெட்டுவிட்டது என்று ரீலைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் பலர்! பழுது ரீலில் இல்லை. அடியில் பத்துப் பதினைந்து கெஜம் நைலான் நரம்பை இறுகச் சுற்றி, அதன்மேல் பின்னல் கயிற்றைக் கட்டினால் பிடித்துக்கொள்ளும். விலையுயர்ந்த கயிறும் குறைவாகச் செலவாகும்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ரீல் பெட்டியின்மேல் ‘200 கெஜம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘20 ராத்தல்’ என்றிருக்கும். அந்தக் கணக்கு 20 ராத்தல் கயிற்றுக்குத்தான். 30 ராத்தல் கயிற்றை வாங்கிக்கொண்டு வந்தால் 200 கெஜம் அதில் அடங்காது; வீச்சுக் கயிறு சட்டத்தில் உராயும். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மீன் அடிக்கயிற்றைப் பார்ப்பதில்லை. பிடிப்பவர்தான் பார்க்க வேண்டும். ஆரஞ்சு, மஞ்சள் என்று கண்ணில் படுகிற நிறமே நல்லது. மீன் எந்தத் திக்கில் எவ்வளவு தூரம் போயிற்று என்று தெரியும்.

ரீலுக்குள் தோல்

தோல் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. கடல் ரீல் தோன்றிய காலத்தில் அதற்குள் பிரேக்கே இல்லை. தடித்த தோல் பட்டை ஒன்றைச் சுருளின் மேல் தொங்கவிட்டு, ஓடும் மீனைக் கட்டைவிரலால் அழுத்தித் தடுத்தார்கள். கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல் எலும்பை உடைத்ததால் அந்த ரீல்களுக்கே ‘முட்டி உடைப்பான்’ என்ற பொருளில் பட்டப்பெயர் வந்தது. பிறகு கலிபோர்னியாவுக்கு அருகே காடலினா தீவில் மீன் பிடித்த வில்லியம் பாஷன் என்பவரின் யோசனைப்படி, கைப்பிடிக்குக் கீழே நட்சத்திர வடிவத் திருகு வைத்த உட்பிரேக் வந்தது. 1913-ல் அவர் அத்தகைய ரீலால் 355 ராத்தல் வாள்மூக்கு மீனைப் பிடித்தார். அந்தப் பிரேக்குகளுக்குள்ளும் உலோக வில்லையும் தோல் வில்லையும் மாறி மாறி அடுக்கப்பட்டிருந்தன. எண்ணெய் ஊறிய தோல், சூட்டைத் தாங்கிக்கொண்டு உராய்வைச் சீராகக் கொடுத்தது. கார்பன் இழை வில்லைகள் வந்த பிறகுதான் தோல் விடைபெற்றது.

ஜெல் ஸ்பன் சுற்றும்போது தோல் மறுபடி வேலைக்கு வருகிறது. இந்தக் கயிற்றை வெறும் கையால் இறுக்கிச் சுற்ற முயன்றால் விரல் போய்விடும். பழைய தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு, கயிற்றை நனைத்து, கல்லை இழுப்பதுபோன்ற இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். நேர் நேராகச் சுற்றாமல், இடமும் வலமுமாகக் குறுக்கே போகும்படி சுற்றினால் புதையாது. உதவிக்கு ஒருவர் பென்சிலில் கயிற்று உருளையைக் கோத்துப் பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் முடியும். தனியாகச் செய்தால் அரை நாள், அதிலும் பாதி நேரம் உருளையைத் துரத்திக்கொண்டு கட்டிலுக்கடியில்!

எவ்வளவு சுற்றுவது என்று தெரியாதவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. முதலில் வீச்சுக் கயிற்றைக் காலி ரீலில் சுற்றிக்கொள்ள வேண்டும். அதன்மேல் அடிக்கயிற்றைக் கட்டி, விளிம்புக்குக் கால் அங்குலம் கீழே வரும் வரை சுற்றி வெட்டிவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மைதானத்தில் கழற்றித் தலைகீழாகச் சுற்றினால் அளவு அச்சாக அமையும். வேலை இரட்டிப்பு. ஆனால் தப்பு வராது. வீச்சுக் கயிற்றோடு இணைக்கும் முனையில் அடிக்கயிற்றை இரட்டையாக்கிப் பெரிய கண்ணி போடுவது வழக்கம். கண்ணி பெரியதாக இருந்தால், அடுத்த முறை கயிறு மாற்றும்போது அறுக்காமல் உருளையையே அதனுள் நுழைத்து எடுக்கலாம்.

கடலிலிருந்து வீடு திரும்பியதும் ரீலைக் குழாய்க்கடியில் காட்டிவிட்டு ஆணியில் மாட்டுவது போதாது. மேல் சுற்று மட்டும் கழுவப்படும். அடியில் உப்புத் தங்கிவிடும். டாக்ரானோ ஜெல் ஸ்பன்னோ உப்பால் அழுகாது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தின்பது அலுமினியச் சுருளை. மீன் ஓடிய தூரம் வரையில் கயிற்றை வெளியே இழுத்து, ஒரு வாளி நன்னீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திச் சுற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை முழுதும் கழற்றி, சொரசொரப்பான இடம் இருக்கிறதா என்று விரலிடுக்கில் விட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் முன்பகுதி ஐம்பது கெஜம்தான் தேய்ந்திருக்கும். அப்போது கயிற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தலைப்பை அடியாக்கி, அடியைத் தலைப்பாக்கிச் சுற்றிவிட்டால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் உழைக்கும். வெட்டி எடுத்த தேய்ந்த துண்டை மட்டும் கடலோரத்தில் போடாமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சாண் சாணாக நறுக்கிக் குப்பையில் சேர்க்க வேண்டும்.